பழைய வெல்டிங் மிஷின் வாங்கப்போகிறவர்களுக்கு: பெயர்த்தகட்டில் உள்ள பெயர் இன்று யாருடையது, உள்ளே உள்ள காயில் எத்தனை நாள் தாங்கும்?

புதிதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை தொடங்குகிறவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், கையில் இருக்கும் பணத்தில் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய புதிய இன்வெர்ட்டர் மிஷினை வாங்குவதா, அல்லது ஏதோவொரு தொழிற்சாலை கழித்துவிட்ட, நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பழைய ட்ரான்ஸ்ஃபார்மரை வாங்குவதா என்பதுதான். பட்டறையில் விசாரித்தால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். "அந்தக் காலத்துச் சரக்கு, பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்பார் ஒருவர்; "அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, பார்ட்ஸுக்கு எங்கே போவாய்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உங்கள் முன்னால் நிற்கும் மிஷினுக்குப் பொருந்தும் என்பதைக் கண்டுபிடிக்கும் வழியை, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், எந்த வகை மிஷின் என்று பாருங்கள்

பழையது என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு தலைமுறைகள் இருக்கின்றன, அவை கெட்டுப்போகும் விதமும் வெவ்வேறு.

ஏசி ட்ரான்ஸ்ஃபார்மரில் தேய்வதற்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. தகடுகளை அடுக்கிய இரும்புக் கோர், அதன்மேல் இரண்டு காயில்கள், கரண்டைக் கூட்டவும் குறைக்கவும் கைப்பிடியால் சுற்றும் ஒரு திருகு, அவ்வளவுதான். அதைக் கொல்வது சூடு. காயில் கம்பியின் மேல் உள்ள இன்சுலேஷனுக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. பி வகுப்புக்கு 130 டிகிரி செல்சியஸ், எஃப் வகுப்புக்கு 155, எச் வகுப்புக்கு 180. எல்லையைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் முதல் பொறியாளர்கள் வரை எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே இருபது வருடம் அளவோடு ஓடிய மிஷினைவிட, ஒரே வருடம் கட்டுமான வேலையிடத்தில் மூன்று ஷிஃப்டும் எரிந்த மிஷின் கிழடாக இருக்கும்.

ரெக்டிஃபயர் என்பது அதே ட்ரான்ஸ்ஃபார்மரோடு, ஏசியை டிசியாக மாற்றும் டயோடு அல்லது தைரிஸ்டர் சேர்ந்தது. டயோடு எங்கும் கிடைக்கும், தைரிஸ்டரும் கிடைக்கும், அந்தத் தைரிஸ்டரை இயக்கும் கன்ட்ரோல் கார்டுதான் சிக்கல், ஏனென்றால் அது அந்தந்தக் கம்பெனி தனக்கென்று வடிவமைத்தது. மிகப் பழைய ரெக்டிஃபயர்களில் சிலிக்கானுக்குப் பதிலாகச் செலினியம் தகடுகளை அடுக்கியிருப்பார்கள். அவை எரிந்தால் அழுகிய முட்டையைப் போல ஒரு நாற்றம் வரும், அந்தப் புகை நஞ்சு. செலினியம் அடுக்கைக் கண்டால் மிஷினை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே சிலிக்கான் டயோடுக்கு மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, மோட்டாரோ எஞ்சினோ ஜெனரேட்டரைச் சுழற்றி டிசி தரும் வகை. இதில் பேரிங், கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் ஆகிய மூன்றும் தேயும், மூன்றையும் சரிசெய்ய முடியும். அமெரிக்காவில் குழாய்ப்பாதை வெல்டர்கள் லிங்கன் கம்பெனியின் எஸ்ஏ-200 என்ற எஞ்சின் மிஷினைப் பல பத்தாண்டுகள் கழித்தும் பிரித்துக் கோத்து ஓட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மாடல் எண்ணிக்கையில் மிகுதியாக விற்றதால், அசல் கம்பெனியைத் தவிர வேறு பலரும் அதற்கு உதிரிப்பாகம் செய்து விற்கிறார்கள். ஒரு மிஷினின் ஆயுளை அதன் இரும்பைவிட, அதைப்போல எத்தனை மிஷின் வெளியே ஓடுகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நான்காவது இன்வெர்ட்டர், அதாவது கனத்த ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கார்டுகளை வைத்து வேலை செய்யும் சிறிய மிஷின். பத்து வருடம் ஓடிய இன்வெர்ட்டரைப் புதியவர்கள் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஓடாமல் கிடந்தாலும் காலத்தில் காய்ந்துபோகும். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் கார்டின்மேல் படிந்து ஷார்ட் ஆகும். கார்டு போனால், அதே மாடலின் இன்னொரு செத்த மிஷினைத் தேடிப் போவதைத் தவிர வழி இருக்காது.

பெயர்த்தகட்டின் பெயரும் அதன் இன்றைய சொந்தக்காரரும்

வெல்டிங் துறையில் பெயர்கள் கை மாறுவதுபோல வேறு துறைகளில் மாறுமா என்று எனக்குச் சந்தேகம். கை மாறிய பெயரைத் தேடிப் போவது உதிரிப்பாகத்துக்காகவும் சர்க்யூட் வரைபடத்துக்காகவும் மட்டுமே. அதில் பெருமையோ ஏமாற்றமோ அடைய ஒன்றுமில்லை.

நம் ஊரில் அதிகம் கண்ணில் படும் பழைய தகடு அத்வானி-ஓர்லிக்கான். ஓர்லிக்கான் என்பது ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரத்தில் உள்ள ஒரு பகுதியின் பெயர். அத்வானி குடும்பத்தினர் அந்த ஸ்விஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1951இல் தொடங்கிய இந்தியக் கம்பெனி, 2003இல் அடோர் வெல்டிங் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அத்வானியின் முதல் எழுத்துகளும் ஓர்லிக்கானின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் அடோர். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஐரோப்பாவில் ஓர்லிக்கான் என்ற வெல்டிங் பெயர் ஏர் லிக்விட் என்ற பிரெஞ்சு வாயுக் கம்பெனியிடம் போய், 2017இல் அதன் வெல்டிங் பிரிவோடு சேர்த்து அமெரிக்காவின் லிங்கன் எலக்ட்ரிக் கைக்கு வந்தது. ஆகவே இந்தியாவில் செய்த பழைய அத்வானி-ஓர்லிக்கான் மிஷினுக்கு நீங்கள் விசாரிக்க வேண்டிய இடம் அடோர். தகட்டில் ஓர்லிக்கான் என்று இருக்கிறதே என்று லிங்கனிடம் கேட்டால் அவர்களுக்கு அந்த மிஷினைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

அடுத்தது ஈசாப். உறையிட்ட வெல்டிங் ராடைக் கண்டுபிடித்த ஆஸ்கார் செல்பெர்க் (Oscar Kjellberg) 1904இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் ராடுகளில் இன்றும் இருக்கும் ஓகே என்ற இரண்டு எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. 1994இல் சார்ட்டர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி ஈசாபை வாங்கியது. 2012இல் சார்ட்டரையே கோல்ஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. 2022இல் அதிலிருந்து பிரிந்து ஈசாப் மறுபடியும் தனிக் கம்பெனி ஆயிற்று. இத்தனைக்கு நடுவிலும் பெயர் மாறவில்லை என்பதால், பழைய ஈசாப் மிஷின் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இவ்வளவு நடந்ததே தெரியாது. ஈசாபின் இந்தியக் கம்பெனி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. பிலிப்ஸின் இந்தியக் கம்பெனியாக இருந்த பீக்கோவின் வெல்டிங் தொழிலும், இந்தியன் ஆக்சிஜன் கம்பெனியின் வெல்டிங் தொழிலும் அதனிடம் வந்து சேர்ந்தவை. எங்காவது மூலையில் அந்தப் பெயர்களில் ஏதாவது கிடைத்தால், தேடலை அம்பத்தூர்ப் பக்கமிருந்து தொடங்கலாம்.

வளைகுடாவிலிருந்தும் துறைமுகங்கள் வழியாகவும் வரும் அமெரிக்கச் சரக்கில் மூன்று பெயர்களைப் பார்க்கலாம். லிங்கன் 1895இல் கிளீவ்லாண்டில் தொடங்கி, விற்கப்படாமல் இன்றும் அதே பெயரில் நடக்கிறது. மில்லர் 1929இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டனில் தொடங்கி, 1993இல் இல்லினாய் டூல் ஒர்க்ஸ் என்ற பெரிய குழுமத்துக்குப் போனது. ஓஹையோவின் ட்ராய் என்ற ஊரில் 1917இல் தொடங்கிய ஹோபார்ட் பிரதர்ஸை அதே குழுமம் 1996இல் வாங்கிற்று. இன்று ஹோபார்ட் என்ற பெயரில் வரும் மிஷின்கள் மில்லரின் தொழிற்சாலையில் தயாராகின்றன. ஆகவே ட்ராயில் செய்த பழைய ஹோபார்ட்டின் உறுதியைப் பார்த்துப் புதிய ஹோபார்ட்டை வாங்குவதும், புதியதன் உதிரிப்பாகம் பழையதற்குப் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். இன்னொரு வேடிக்கை: பெரிய ஓட்டல் சமையலறைகளில் மாவு பிசையும் ஹோபார்ட் மிக்சரும் அதே ஹோபார்ட் குடும்பத்திலிருந்து வந்ததுதான். அந்தக் கம்பெனியும் 1999இல் அதே குழுமத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஆக, ஒரு பழைய பெயருக்கு மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இந்த மிஷினைச் செய்த தொழிற்சாலையின் வாரிசு யார்? அவர்களிடம் இந்த மாடலின் கையேடு இருக்கிறதா? கெட்டுப்போகக்கூடிய பாகம் பொதுச் சந்தையில் கிடைப்பதா, அந்தக் கம்பெனிக்கே உரியதா? மூன்றாவது கேள்விக்குப் "பொதுச் சந்தை" என்று பதில் வந்தால் முதல் இரண்டையும் மறந்துவிடலாம். ஏசி ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அநேகமாக அந்தப் பதில்தான் வரும்.

தகட்டிலுள்ள எண்களைப் படியுங்கள்

பெயருக்குக் கீழே இருக்கும் எண்கள் பெயரைவிட முக்கியமானவை. டியூட்டி சைக்கிள் 60 சதவீதம், 300 ஆம்பியர் என்று இருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 300 ஆம்பியரில் எரிக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். நிறுத்தாமல் எரிக்க எவ்வளவு ஆம்பியர் என்பதை நீங்களே கணக்கிடலாம்: 0.6இன் வர்க்கமூலத்தை 300ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 232. இந்த 232தான் அந்த மிஷினின் நேர்மையான அளவு. புதிய மலிவு மிஷின்களில் 400 என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு டியூட்டி சைக்கிளைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த 400க்கு எந்தப் பொருளும் கிடையாது.

ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ் என்பது, ராடு இரும்பைத் தொடாதபோது ஹோல்டருக்கும் எர்த்துக்கும் இடையில் இருக்கும் மின்னழுத்தம். சாதாரண இடங்களில் ஏசிக்கு 80 வோல்ட் வரை அனுமதி உண்டு. ஈரமும் நெருக்கமும் உள்ள இடங்களில் 48தான். வியர்வையில் நனைந்த கையுறைக்கு 80 வோல்ட் சிறிய எண் அல்ல. அதே சமயம் 7018 ராடு ஏசியில் ஒழுங்காக எரிய 70 வோல்ட் அளவுக்காவது வேண்டும், 50 வோல்ட் மட்டும் தரும் மிஷினில் 6013 எரியும், 7018 ஒட்டிக்கொள்ளும். ஆகவே எந்த ராடில் உங்கள் வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மின்சாரக் கணக்கையும் இப்போதே பாருங்கள். 200 ஆம்பியரில் ஆர்க்கின் மின்னழுத்தம் சுமார் 28 வோல்ட், அதாவது ஆர்க்கில் செலவாவது 5.6 கிலோவாட். ஆனால் 80 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் லைனிலிருந்து இழுப்பது 80 பெருக்கல் 200, ஆக 16 கேவிஏ. இரண்டு ஃபேஸில் 415 வோல்ட்டுக்கு அது ஏறக்குறைய 39 ஆம்பியர். பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் இல்லாத பழைய மிஷினை, அனுமதித்த சுமை குறைவாக உள்ள இணைப்பில் மாட்டினால் பக்கத்து வீட்டு விளக்குகள் ஒவ்வொரு ராடுக்கும் கண் சிமிட்டும். வீட்டு இணைப்பில் கேட் செய்யும் அளவுக்கு மட்டும் வேலை உள்ளவர்கள் இந்த இடத்திலேயே பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

அமெரிக்க மிஷின் என்றால் 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம்முடையது 50. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த கோரை அதே மின்னழுத்தத்தில் 50 ஹெர்ட்ஸில் மாட்டினால் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடி, கோர் நிறைவடைந்து, ராடு எரிக்காமல் சும்மா நிற்கும்போதே மிஷின் சுடும். தகட்டில் 50/60 என்று இரண்டும் இருந்தால் கவலையில்லை.

மூடியைக் கழற்றாமல் விலை பேசாதீர்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம், நல்ல பெயருள்ள 300 ஆம்பியர் மிஷினை, மேலே பளபளத்த நீலப் பெயின்ட்டைப் பார்த்து வாங்கினேன். இறக்கும்போதே ஒருவர் "எடை கம்மியா இருக்கேண்ணே" என்றார். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் டெர்மினல் பக்கம் புகை வந்து மூடியைத் திறந்தபோதுதான், அசல் செம்புக் காயிலை யாரோ உருவி விற்றுவிட்டு அலுமினியக் கம்பியில் கட்டியிருந்தது தெரிந்தது. தகடு மட்டும் அசல். தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் புதிதாக மின்னியதை வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும்.

அலுமினியம் என்பதாலேயே அது மோசம் என்று சொல்லவில்லை. அலுமினியக் காயிலோடு ஒழுங்காகச் செய்யப்பட்ட மிஷின்கள் உண்டு. ஆனால் அதே கரண்டுக்கு அலுமினியக் கம்பிக்குச் செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு குறுக்குவெட்டுப் பரப்பு வேண்டும், செம்புக்கு என்று செய்த இடத்தில் அது அடங்காது. அலுமினியம் செம்பு டெர்மினலைத் தொடும் இணைப்பும் காலப்போக்கில் தளர்ந்து சூடேறும். சோதிக்க எளிய வழி, காயில் டெர்மினலுக்கு வரும் முனையில் வார்னிஷை அரத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பது. சிவப்பா வெள்ளையா என்று அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மூடி திறந்திருக்கும்போது மூக்கையும் பயன்படுத்துங்கள். நல்ல காயிலில் வார்னிஷ் தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரை ஒரே சீராக இருக்கும்; ஓரிடத்தில் மட்டும் கருத்து, நகத்தால் தட்டினால் பொருக்காக உதிர்ந்தால் அங்கே சுற்றுகளுக்கிடையே ஷார்ட் தொடங்கிவிட்டது என்று பொருள். கைப்பிடியை முழுவதும் சுற்றி, கோர் இரண்டு கோடிக்கும் போகிறதா என்று பாருங்கள். நடுவில் சிக்கினால் திருகில் துருவோ வளைவோ இருக்கும். ஓடும்போது உறுமல் மிக அதிகமென்றால் கோர் தகடுகள் தளர்ந்திருக்கும், அதற்குப் போல்ட்டை முறுக்கினாலே பல சமயம் போதும்.

ஆயில் கூல்டு மிஷினில் எண்ணெயை ஒரு கம்பியில் தொட்டு எடுத்துப் பாருங்கள். ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விட்டால் சடசடவென்று வெடித்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. 1970களின் இறுதிக்கு முற்பட்ட வெளிநாட்டு மிஷின்களின் எண்ணெயிலும் கெப்பாசிட்டர்களிலும் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற நஞ்சு இருக்க வாய்ப்புண்டு. கசியும் பழைய கெப்பாசிட்டரை வெறும் கையால் தொடாதீர்கள், எண்ணெயை மண்ணில் ஊற்றாதீர்கள். அதே காலத்து வயர்களின்மேல் வெள்ளை நார் உறை இருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது.

கேஸ் கட்டிங் சாமான்களுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. பழைய ரெகுலேட்டரின் உள்ளே ரப்பர் டயஃப்ரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆக்சிஜன் பக்கத்தில் யாராவது கிரீஸ் தடவியிருந்தால் அது தீப்பிடிக்கும். புதியதே வாங்குங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் மின்சாரமே இல்லாமல், இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் என்ற மீட்டரால் காயிலுக்கும் பாடிக்கும் இடையிலும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையிலும் அளக்கச் செய்யுங்கள். ரெக்டிஃபயராக இருந்தால் டயோடுகளையும் கார்டையும் பிரித்துவிட்டு அல்லது ஷார்ட் செய்துவிட்டுத்தான் மெக்கர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே அவற்றைக் கொன்றுவிடும். சில மெகா ஓம்களாவது காட்ட வேண்டும். மழைக்காலத்தில் குடோனில் கிடந்த மிஷின் குறைவாகக் காட்டினால் உடனே ஒதுக்க வேண்டாம். ஒரு நாள் முழுவதும் 100 வாட் குண்டு பல்பை உள்ளே எரியவிட்டு மூடி வைத்து, மறுபடி அளந்தால் பல சமயம் ஏறிவிடும். ஏறாவிட்டால் காயில் கட்டும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பிறகு, பட்டறைகளில் டாங் டெஸ்டர் என்று சொல்லும் கிளாம்ப் மீட்டரை வெல்டிங் கேபிளில் மாட்டி, 4 மில்லிமீட்டர் ராடுகள் ஐந்தை 160 ஆம்பியரில் தொடர்ந்து எரியுங்கள். ஒரு ராடு எரிக்கிறவர்கள்தான் அதிகம். ஒரு ராடுக்கு எந்த மிஷினும் நடிக்கும். ஐந்தாவது ராடில் கரண்ட் விழாமல் இருக்கிறதா, மெயினை நிறுத்தியபின் டெர்மினல்கள் கை வைக்க முடிகிற சூட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டெர்மினல் மட்டும் சுட்டுக் காயில் ஆறியிருந்தால் இணைப்புக் கோளாறு, சுத்தம் செய்து முறுக்கினால் தீரும். காயில் சுட்டு வார்னிஷ் வாசம் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வாங்கி வந்த பிறகு

பாடி எர்த்தைத் தனி வயரில் புதிதாகப் போடுங்கள்; பழைய மிஷின்களில் அதைத்தான் முதலில் வெட்டியிருப்பார்கள். மெயின் கேபிள், ஹோல்டர், எர்த் கிளாம்ப் மூன்றையும் மாற்றுங்கள். ஏசி ட்ரான்ஸ்ஃபார்மராக இருந்தால் காற்றடித்துத் தூசி நீக்கி (மேலே சொன்ன வெள்ளை நார் உறை இல்லாவிட்டால் மட்டும்), காயிலுக்கு ஏர் டிரை வார்னிஷ் ஒரு பூச்சு, திருகுக்குக் கிரீஸ். டெர்மினல் போல்ட்டுகளை முதல் மாதத்தில் ஒரு முறையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் முறுக்குங்கள்.

இப்போது என்னிடம் ஓடும் மிஷினை வாங்கிய அன்று மூடியின் உட்பக்கத்தில், முன்பு வைத்திருந்த யாரோ சிவப்புப் பெயின்ட்டில் மெல்லிய பிரஷால் எழுதியிருந்த நான்கு வரிகளைப் பார்த்தேன்: காயில் கட்டிய தேதி, கம்பியின் கேஜ், சுற்றுகளின் எண்ணிக்கை, மாற்றிய டயோடின் எண். தகட்டில் உள்ள பெயர் எத்தனையோ கை மாறியிருக்க, எனக்குப் பயன்பட்டது அந்த நான்கு வரிகள்தான். சென்ற ஆண்டு டயோடு ஒன்று போனபோது கடையில் அந்த எண்ணைச் சொல்லியே வாங்கினேன். ஐந்தாவது வரியாக அந்தத் தேதியைக் கீழே எழுதிவிட்டு மூடியை மாட்டினேன்.